வலது தோளில் முந்தானை

"இது நான் இல்லப்பா" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

சுவரை முக்கால்வாசி அடைத்திருந்த ஒரு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பட்டுக் கடை திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். புது பெயிண்ட் வாசனை, அதை அமுக்குவதற்காக ஏற்றிய ஊதுபத்தி வாசனை, இரண்டையும் சேர்த்து உறைய வைக்கிற ஏசி. தரையில் வெள்ளைத் துணி விரித்து, விற்பனைப் பெண்கள் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் நாலு இளம்பெண்கள். ஓரத்தில் ஓர் இளைஞர். பின்னால் ஓலைத் தட்டி, மூங்கில் கம்பம், கொஞ்சம் வானம். நாலு பேரில் கடைசியாக, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பவர் எஸ்தர் சிஸ்டர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் படத்தை அவர் வீட்டிலிருந்து வாங்கி வந்ததே நான்தான்.

"நீங்கதான் சிஸ்டர். இது மேரி, இது லில்லி, இது தெய்வானை. நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்களும் இல்ல. இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க எங்கள?"

எஸ்தர் சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஊசியைத் தூக்கிப் பிடித்து, நம் இடுப்பை ஒரு பார்வை பார்ப்பார். வலி அதிலேயே தொடங்கிவிடும். அன்றைக்கு என்னை அப்படித்தான் பார்த்தார்.

நான் ஆய்வாளர் ஆனது

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் வாசகர்களுக்கு (இரண்டு பேர் இருப்பதாக ஆசிரியர் சொல்கிறார்) என் தகுதி என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கூட்டுறவு சங்கத்தில் சேலைக்குத் தரம் பார்த்தவன். நெய்து வரும் சேலையை மேஜையில் விரித்து, கரை இணைந்திருக்கிறதா, முந்தானை கோணியிருக்கிறதா, ஜரிகை பிசிறுகிறதா என்று பார்த்துக் குறை சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்றபின் சம்பளம் இல்லாமலேயே அந்த வேலையை வீட்டில் தொடர்ந்தேன். ரசத்தில் குறை, இஸ்திரியில் குறை, மருமகன் கார் நிறுத்தும் விதத்தில் குறை. "வெளிய போயி எதனா ஆராய்ச்சி பண்ணுங்களேன்" என்றாள் மனைவி. தமிழ்நாட்டில் முக்கால்வாசி ஆராய்ச்சி இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்பது என் யூகம்.

கோயில்களை ஏற்கெனவே ஆளாளுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். கல்வெட்டில் இனி எனக்கென்று ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லை. எனவே யாரும் தொடாத சினிமாக் கொட்டகைகளை எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் முதல் காட்சி

பழைய தியேட்டரைத் தேடிப் போனால் அங்கே தியேட்டர் இருக்காது. கல்யாண மண்டபம் இருக்கும், பர்னிச்சர் கடை இருக்கும், அல்லது "இவ்விடம் வாகனம் நிறுத்தப்படும்" என்ற போர்டு இருக்கும். கேட்டால் பக்கத்து டீக்கடையில் ஒருவரைக் காட்டுவார்கள். அவர் கண்டிப்பாக முதல் நாள் முதல் காட்சி பார்த்தவராக இருப்பார்.

இந்த ஊரில் நான் சந்தித்த எல்லாருமே எல்லாப் படத்தையும் முதல் நாள் முதல் காட்சி பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் உட்கார வைக்கத் தென்னேரி ஏரியை வற்ற வைத்தாலும் இடம் போதாது. இரண்டாம் நாள் பார்த்த ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் ஆய்வை அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கடைசி வரை கிடைக்கவில்லை.

நாங்கள் நெசவுக் குடும்பம். அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்குப் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுப்பதாக வெளியே சொல்லிக்கொள்வோம். உண்மையில் பித்ருக்களை அவசரமாக அனுப்பிவிட்டு மேட்னிக்கு ஓடுவோம். தியேட்டர்காரர்களுக்குப் பஞ்சாங்கம் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

டிரைவ்-இன் பற்றி எழுதவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சென்னைக்குப் போகிற வழியில் அப்படி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, என் மைத்துனர் வாடகை அம்பாசடர் எடுத்து எங்கள் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்றார். பார்த்தார். பின்சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட நான், மூன்று மணி நேரமும் அவர் பிடரியைப் பார்த்தேன். படம் எப்படி என்று கேட்டபோது பிரமாதம் என்று சொல்லிவைத்தேன்.

உள்ளூரிலும் டிரைவ்-இன் இருந்தது. நெல் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் விவசாயிகள், டூரிங் கொட்டகைக்கு வெளியே மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிமேல் ஏறி நின்று தட்டிக்கு மேலாகப் படம் பார்ப்பார்கள். டிக்கெட் கிடையாது. மாடுகளும் பார்க்கும்.

அலமேலு டூரிங் டாக்கீஸ்

அந்த டூரிங் கொட்டகைதான் இந்த வாரக் கதை. ஊர் எல்லையில் இருந்தது. பெயர் அலமேலு டூரிங் டாக்கீஸ். சுற்றிலும் தட்டி, மேலே கூரை, ஒரு பக்கம் வெள்ளைத் துணியில் திரை. தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி. தரையில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவன் தலை மறைக்காது. பின்னால் இருப்பவன் இன்னும் பெரிய மேடு கட்டுவான். இடைவேளைக்குள் எல்லாரும் மலைமேல் இருப்பார்கள்.

கொட்டகை போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. கொட்டகை முதலாளியின் பேரன் சந்தோஷ், அதே மனையில் மூன்று மாடிப் பட்டுக் கடை கட்டினார். நல்ல பிள்ளை. முடியைக் கொண்டை போட்டிருக்கிறார் என்பதைத் தவிர எந்தக் குறையும் சொல்ல முடியாது. தாத்தாவின் நினைவாகக் கடை வாசலில் ஒரு "மெமரி வால்" வைக்க வேண்டும், அதற்கு ஒரு வரலாறு வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

"பெருசா வேணாம் அங்கிள். ஷார்ட்டா, எமோஷனலா இருந்தா போதும். ஜனங்க அதும் முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது: "சாதி பேதமின்றி ஊர் முழுவதும் ஒரே தரையில் சமமாக அமர்ந்து படம் கண்ட முதல் இடம் இது." ஆதாரம் இல்லாமல் எழுதவில்லை. பல பேரைக் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் அதைத்தான் சொன்னார்கள். எல்லாரும் ஒரே தெருக்காரர்கள் என்பதை நான் கவனிக்கவில்லை.

நிபுணர்கள் கூடினோம்

வரலாறு கிடைத்துவிட்டது, படம்தான் இல்லை. தினமும் கொட்டகைக்குப் போன ஊரில் ஒருவரிடமும் கொட்டகையின் படம் இல்லை. கடைசியில் யாரோ, காலனியில் எஸ்தர் சிஸ்டரிடம் ஒன்று இருக்கிறது என்றார்கள். போனேன். கிறிஸ்துமஸ் அன்று, சந்தைக்கு வந்த போட்டோக்காரர் கொட்டகைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்ததாம்.

"உக்காரு தம்பி, இதுக்கு ஒரு கதை இருக்குது" என்றார்.

"வந்து கேக்கறேன் சிஸ்டர், இப்ப பிரிண்டுக்கு அவசரம்" என்று டீயைக் குடித்துவிட்டுப் படத்தோடு கிளம்பினேன். வரலாற்று ஆய்வாளர்களுக்குக் கதை கேட்க நேரம் இருப்பதில்லை.

கடையில் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தைத் தொட்டோம். நாலு பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருந்தது.

உங்கள் ஊரில் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இது காஞ்சிபுரம். இங்கே முந்தானை எந்தத் தோளில் விழும் என்பதை வைத்துத்தான் சேலையையே நெய்கிறார்கள். சந்தோஷ், அவருடைய மேனேஜர், நான், மூன்று பேரும் சேலையோடு பிறந்தவர்கள். ஒருத்தி மாற்றிக் கட்டியிருந்தால் ஏதோ அசட்டுப் பெண் என்று விடலாம். நாலு பேரும் எப்படி மாற்றிக் கட்டுவார்கள்? தீர்ப்பைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நெகட்டிவ்வ திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கான்" என்றேன் நான், சங்கத்தில் குறைச் சேலையை ஒதுக்கும் அதே குரலில்.

"ஒரு கிளிக்தான் அங்கிள், ஃபிளிப் பண்ணிடலாம்" என்றார் சந்தோஷ்.

திருப்பினோம். நாலு முந்தானையும் இடது தோளுக்கு வந்தன. வரலாற்றைச் சரிசெய்த திருப்தியில் ஆளுக்கு ஒரு காபி குடித்தோம்.

சட்டைப் பை

ஆக, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் எஸ்தர் சிஸ்டர் பார்த்தது அந்தத் திருத்திய படத்தை.

"பிரிண்ட்ல மிஸ்டேக் சிஸ்டர். முந்தானை வலது பக்கம் இருந்துச்சு. நாங்க சரி பண்ணிட்டோம்" என்று பணிவாக விளக்கினேன். சரிசெய்தவன் யார் என்பது அவருக்குத் தெரியட்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

அவர் படத்தின் ஓரத்தில் நின்ற இளைஞரைக் காட்டினார். "இது யாரு?"

"உங்க அண்ணன். தேவராஜ்."

"சொக்காயில பையி எந்தப் பக்கம் இருக்குது?"

பார்த்தேன். பேனா செருகிய சட்டைப் பை, வலது மார்பில் இருந்தது. உலகத்தில் எந்தத் தையல்காரரும் அங்கே வைப்பதில்லை. மூன்று நிபுணர்கள் பார்த்த படம். சேலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அப்படியானால் பழைய படம் சரிதான். நாலு பேரும் வேண்டுமென்றே வலது தோளில்தான் முந்தானை போட்டிருக்கிறார்கள்.

"ஏன் சிஸ்டர்?" என்றேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தட்டிக்கு அந்தப் பக்கம்

சேலை அடுக்குவதற்காக வைத்திருந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விற்பனைப் பெண்களின் கைகள் மெதுவாயின.

"காலனி ஆளுங்க முன்னாடி வாசல்ல டிக்கெட் கேட்டா, இடம் இல்லன்னுவான். உள்ள தர காலியா கெடக்கும். கண்ணுக்கு நேரா காலியா கெடக்கும், இடம் இல்லன்னுவான். பின்னாடி போங்கன்னுவான். பின்னாடின்னா எங்க தெரியுமா? திரைக்குப் பின்னாடி. அங்க தனியா ஒரு தட்டி, தனியா ஒரு வழி. பாதி டிக்கெட்டு. துணித் திரைதான? அந்தாண்டையும் தெரியும்."

"எல்லாம் மாறித் தெரியுமே" என்றேன்.

"மாறித்தான் தெரியும். மாறித் தெரியுதுன்னு எங்களுக்கு எப்டிப்பா தெரியும்? நாங்க முன்னாடியே உக்காந்ததில்லயே. எழுத்துதான் ஒரு மாதிரி கோணலா வரும். அது இங்கிலீஷுன்னு நெனச்சுக்கினோம்."

ஒரு விற்பனைப் பெண் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள். "சிரிமா, பரவால்ல" என்றார் சிஸ்டர். "ஹீரோ எடது கையால சாப்புடுவாரு. எடது கையால கத்தி சுத்துவாரு. பெரிய வீரங்க எல்லாம் எடது கைக்காரங்கன்னு எங்கண்ணன் சொல்லிக்கினு திரிஞ்சான்."

அப்புறம் அந்தப் படம் வந்தது. கதாநாயகி ஒரு பாட்டில் முந்தானையைத் தோளில் மடித்துக் குத்தி, அது காற்றில் பறக்க ஆடுவாளாம். நாலு பேரும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அவளைப் போலவே கட்டுவது என்று முடிவாயிற்று. தெய்வானைக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது; சேலை உண்டு, வந்துவிட்டாள். அவரவர் அம்மா பெட்டியிலிருந்து சேலையை எடுத்து, எந்தத் தோள் என்று சண்டை போட்டு, நாலு பேரும் பார்த்தபடி வலது தோள் என்று உறுதி செய்து கட்டியிருக்கிறார்கள்.

"போட்டோ எடுத்துக்கினு அப்டியே கடைத்தெருவுக்குப் போனோம். பட்டுக் கடை வாசல்ல ஒருத்தன் பாத்துட்டு உள்ள இருந்தவங்கள எல்லாம் கூப்பிட்டான். ஊரே சிரிச்சுது. 'சேல கட்டத் தெரியாததுங்க எல்லாம் கட்டிக்கினு வந்துட்டுதுங்க'ன்னாங்க. லில்லி ரோட்டுலயே அழுதுட்டா. எதுக்கு சிரிக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியல. சினிமாவுல இப்டித்தான கட்டினாங்க?"

"எப்ப தெரிஞ்சுது?"

"நர்ஸ் ட்ரெயினிங்கு மெட்ராஸுக்குப் போனேன். ஹாஸ்டல்ல அதே படத்துக்குக் கூட்டிக்கினு போனாங்க. மொத தடவ முன்னாடி உக்காந்து பாக்கறேன். அதே பாட்டு. அவ முந்தானை இந்தத் தோள்ல இருக்குது." தன் இடது தோளைத் தொட்டார். "எல்லாரும் கை தட்டறாங்க. நான் அழுவறேன். பக்கத்துல இருந்தவ, சந்தோஷமான பாட்டுக்கு ஏண்டி அழுவறன்னா. இன்னான்னு சொல்லுவேன்?"

 எனக்கு அவமானமாக இருந்தது. அவர் கட்டியது தப்பில்லை, அவரை உட்கார வைத்த இடம் தப்பு. அதற்கு ஒரே சாட்சியாக மிஞ்சியிருந்த படத்தையும் நாங்கள் ஒரு கிளிக்கில் சரிசெய்துவிட்டோம்.

"இருந்தபடி மாட்டுங்க. இவ்ளோதான் நான் கேக்கறது" என்றார். "அப்புறம் அந்தச் சமமா உக்காந்த வரிய எடுத்துடுங்க. நான் உசுரோட இருக்கும்போதே பொய்ய செவுத்துல எழுதாதீங்க."

பிரச்சினை வேண்டாம்

சந்தோஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் வாடியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி.

"தாத்தா உங்கள பாக்க விட்டாருல்ல சிஸ்டர்? அந்தக் காலத்துல அதுவே..."

"சும்மாவா விட்டாரு? டிக்கெட் கிழிச்சுதாம்பா விட்டாரு."

"அதில்ல சிஸ்டர். பட்டுக் கடை வாசல்ல முந்தானை ராங் சைடு இருக்கற போட்டோ இருந்தா கஸ்டமர் இன்னா நெனப்பாங்க? நாளைக்கி மினிஸ்டர் வேற வர்றாரு."

"நெனைக்கட்டும். கேப்பாங்க. சொல்லு."

சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் அவருக்கும் தோன்றியது என்றுதான் நினைக்கிறேன். பிறகு மேனேஜர் காதில் ஏதோ சொன்னார். சந்தோஷ் கை கூப்பினார். "பிரச்சினையே வேணாம் சிஸ்டர். படத்த எடுத்துடறேன்."

நியாயமான சமரசம். பொய்யான படத்தை எடுத்துவிட்டார்கள். பொய்யான வரியை வைத்துக்கொண்டார்கள்.

எஸ்தர் சிஸ்டர் ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விழாவுக்குப் போனேன். மந்திரி அந்த வரியை உரக்கப் படித்து, "இதுதான் இந்த மண்ணின் பெருமை" என்றார். பலத்த கைதட்டல். வரிக்குக் கீழே "வரலாற்று ஆய்வு" என்று என் பெயர். அதையாவது எடுத்துவிடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். தாராளமாக ஒப்புக்கொண்டார். புதுசாகப் பிரிண்ட் எடுக்க நேரமில்லாததால் என் பெயர்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். "திறப்பு விழா தள்ளுபடி" என்று இருந்தது. என் ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான மதிப்புரை கிடைக்காது.

இந்த வாரப் படம்

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எஸ்தர் சிஸ்டர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ புக்குல எழுதறல்ல? அதுல போடு."

"போடறேன் சிஸ்டர்."

"லில்லி பேத்தி பெங்களூருல இருக்குது. அவகிட்ட காட்டணும்னு லில்லி கேட்டுக்கினே இருக்கறா. அவ இத்தினி வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல, ஏன் அப்டி கட்டினோம்னு. சேல கட்டத் தெரியாம கட்டினோம்னே அவ வீட்டுலயும் நெனச்சுக்கினு இருக்காங்க. பேரப் போடு. நாலு பேர் பேரும் போடு."

எனவே இந்த அத்தியாயத்தோடு அந்தப் படத்தை அனுப்பிவைத்தேன். இடமிருந்து வலமாக: தேவராஜ், மேரி, லில்லி, தெய்வானை, எஸ்தர்.

நேற்றுப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து பக்கம் வடிவமைப்பவர் போன் செய்தார். ரொம்ப மரியாதையான மனிதர்.

"சார், நீங்க அனுப்பின போட்டோ ரிவர்ஸ்ல இருந்துது. முந்தானை எல்லாம் ராங் சைடு. கவலப்படாதீங்க, நானே திருப்பிட்டேன்."

நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்துவிட்டாள். கட்டுரையைப் படித்தீர்களா என்று போனில் கேட்டேன். படத்தை வைத்துவிட்டுப் படிக்கலாம் என்று இருந்தாராம். திருப்பியதைத் திருப்பிவிடுவதாக உறுதி சொன்னார். இருந்தாலும் அச்சுக்குப் போகும் வழியில் இன்னும் எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

அதனால் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தேவராஜ் அண்ணனின் சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருந்தால் நல்லது. வலது மார்பில் இருந்தால், அந்த நாலு பெண்களும் இன்னும் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.